குடற்கிருமிகளும் நாம் தீட்டும் தானியமும்

கலியாணம் நடந்த வீட்டில் மிச்சப்பட்ட சோற்றைக் கறவை மாட்டின் முன் கொட்டிவிட்டு, மறுநாட் காலையில் கொட்டிலிற் போய்ப் பார்த்துத் திகைத்த அனுபவம் நம் விவசாயிகளில் பலருக்கும் உண்டு. மாடு தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும், இடப்பக்கத்து வயிறு உப்பியிருக்கும், அசை போடாது, சாணம் புளித்த நாற்றத்தோடு நீராய்ப் போகும். சோறு விஷமன்று. வீட்டார் உண்ட அதே சோற்றைத்தான் மாடும் தின்றது. ஆயினும் மாட்டின் பெருவயிற்றில் கோடானுகோடி சூக்ஷ்மக் கிருமிகள் குடியிருக்கின்றன என்பதையும், வைக்கோலையும் புல்லையும் பக்குவப்படுத்தி மாட்டுக்கு ஊட்டுபவை அக்கிருமிகளே என்பதையும் அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை. நார்த்தீனிக்குப் பழகிய அக்கூட்டத்தின் நடுவே மாவுப்பண்டம் ஒரேயடியாய் வந்து விழுந்ததும், அமிலம் உண்டாக்கும் சில இனங்கள் மாத்திரம் பெருகி, ஏனையவை மடிகின்றன. மாடு படுத்துவிடுகிறது.

மாடு வளர்ப்பவர் ஒவ்வொருவரும் மாட்டுக்குள்ளே மற்றொரு மந்தையையும் சேர்த்தே வளர்க்கிறார். அத்தகைய மந்தையொன்று மனிதனுக்கும் உண்டு. அது பெரும்பாலும் பெருங்குடலிலே தங்கியிருக்கிறது. அம்மந்தைக்கு உரிய தீனியை நாம் இரண்டு தலைமுறையாகக் குறைத்து வருகிறோம். அதன் பலனைச் சர்க்கரை வியாதியாகவும் மாரடைப்பாகவும் ஓரளவு அறுவடை செய்து வருகிறோம். இத்தீனியைத் திரும்பவும் அளிக்கும் அதிகாரம் வைத்தியர் கையில் இருப்பதைக் காட்டிலும் நிலமுடையவர் கையிலும், அரிசியாலைக்காரர் கையிலும், கிராம அதிகாரிகள் கையிலுமே மிகுதியாக இருக்கிறது. இதுவே இக்கட்டுரையின் கட்சி.

கண்ணமங்கலத்து எல்லையில் நின்று மேற்கே நோக்கினால் ஜவ்வாது மலை கண்ணை நிறைக்கும். அம்மலையில் வாழும் மலையாளிகள் என்னும் குடிகளுக்குச் சாமை இன்றும் முக்கியமான மானாவாரிப் பயிர். மலையடிவாரத்துப் புன்செய்களிலும் ஒரு காலத்தில் கேழ்வரகும், கம்பும், சாமையும், கொள்ளும், துவரையுமே விளைந்தன. புன்செய்க் குடும்பத்துக்கு நெற்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரிய பண்டமாக இருந்தது. பிறகு கிணறுகளில் மின்சாரப் பம்புகள் வந்தன. 1960-களின் பிற்பகுதி தொட்டுக் குட்டை நெல் ரகங்கள் வந்தன. ஆரணியில் அரிசியாலைகள் பெருகின. நியாய விலைக் கடைகளில் அரிசி கிடைத்தது. 2011 முதல் அது இலவசமாகவே கிடைக்கிறது. புன்செய் நிலம் பெரிதும் மல்லாட்டைக்கும் கரும்புக்கும் போயிற்று. இவற்றையெல்லாம் பழிப்பது நம் நோக்கமன்று. பசியை அறிந்த தலைமுறைக்கு வெள்ளைச் சோறு கிடைத்தது சாமானியமான பாக்கியமன்று. அதைப் பழிக்க எவருக்கும் வாய் வராது.

இருந்தபோதிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஆடி மாதத்தில் ஊர்தோறும் அம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம். படவேட்டு ரேணுகாம்பாள் சந்நிதியில் ஆடி வெள்ளிக்கிழமைகளில் ஜனங்கள் திரளுகிறார்கள். புளிக்கவைத்த கேழ்வரகுக் கூழ் நம் பாட்டன்மார்க்கு அன்றாட ஆகாரம். அது இன்று பல வீடுகளில் ஆண்டுக்கு ஒரு மாதம் மாத்திரம் பிரசாதமாய்க் கிடைக்கும் பண்டமாகிவிட்டது. பயிரிடும் நிலத்தில் நேர்ந்த மாறுதல் முதலில் பானைக்கும், பானையிலிருந்து குடலுக்கும் இவ்வாறு இறங்கியிருக்கிறது.

தேகத்தில் நேர்ந்த மாறுதலுக்கும் கணக்குண்டு. கண்ணமங்கலத்திலிருந்து வேலூருக்குப் போகும் சாலையில் இருப்பது கணியம்பாடி. அவ்வட்டாரத்துக் கிராமங்களை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகின்றனர். 30 முதல் 60 வயது வரையுள்ளோரை அவர்கள் 1991–94-ல் ஒருமுறையும், 2010–12-ல் மறுமுறையும் சோதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கிராமப் பகுதியில் நீரிழிவு மும்மடங்காகியிருந்தது. பட்டணத்திலோ இரு மடங்காகியது. அதாவது, வயற்காற்று வாங்குபவருக்கு இந்நோய் வாராது என்ற பழைய நம்பிக்கை நம் பக்கத்து ஊர்களிலேயே பொய்த்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி ஸ்தாபனமும் சேர்ந்து நாடு முழுமைக்கும் எடுத்த கணக்கு 2023-ல் வெளியாயிற்று. அதன்படி நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு. நீரிழிவு நெடுநாள் நின்றால் இருதய இரத்தக் குழாய்கள் கெடுவதையும், மாரடைப்பு அதன் பின்னே வருவதையும் இன்று ஊரார் அனைவரும் அறிவர்.

உடலுழைப்புக் குறைந்ததும், புகையிலையும், எண்ணெயும், இனிப்பும், வம்சவழியும் இந்நோய்க்குக் காரணங்களே. ஏற்றம் இறைத்த கையும் மோட்டார்ப் பொத்தானை அழுத்தும் கையும் ஒன்றாகா. குடற்கிருமிகள்மேல் பாரம் முழுவதையும் சுமத்துவது நியாயமன்று. ஆனால் இதுவரை நாம் கணக்கில் சேர்க்காத பங்காளி அவையே. ஆதலின் அவற்றின் காரியத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சராசரி மனிதன் ஒருவனுடைய உடலில் உள்ள பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-ல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் உத்தேசித்தார்கள். எல்லாவற்றையும் திரட்டி நிறுத்தால் கால் கிலோவும் தேறாது. சோற்றிலுள்ள மாவும் சர்க்கரையும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். தவிட்டிலும், பயற்றுத் தோலிலும், கீரையிலும், வாழைத்தண்டிலும் உள்ள நாரை நம் ஜீரண நீர்களால் கரைக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே காத்திருக்கும் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து, அஸிடிக், புரோபியோனிக், பியூட்டிரிக் என்னும் மூவகை அமிலங்களாக்குகின்றன. முதலாவது காடியில் உள்ள அமிலம். மூன்றாவது கெட்டுப்போன வெண்ணெயில் நாறும் அமிலம். மாட்டின் பெருவயிற்றில் உண்டாகிப் பாலுக்கும் உழைப்புக்கும் ஆதாரமாவனவும் இம்மூன்றே என்பதைக் கால்நடை இலாகாவினர் நன்கறிவர்.

இந்த அமிலங்கள் நமக்கு என்ன செய்கின்றன? பியூட்டிரிக் அமிலம் பெருங்குடற் சுவருக்கு நேரான ஆகாரம். அச்சுவரிலுள்ள உயிரணுக்கள் தம் சக்தியின் பெரும்பகுதியை அதிலிருந்தே பெறுகின்றன. ஏனைய அமிலங்களும் அதனோடு சேர்ந்து குடற்சுவரிலுள்ள சில உயிரணுக்களைத் தூண்ட, அவை இன்சுலின் சுரப்புக்கு உதவுவதும், பசியடங்கிற்று என்று மூளைக்கு அறிவிப்பதுமான ரசங்களை இரத்தத்தில் விடுகின்றன. நார் மிகுந்த உணவு உண்டவனுக்கு நெடுநேரம் பசியெடாமைக்கு வயிறு நிறைந்தது மாத்திரம் காரணமன்று. இதுவும் ஒரு காரணம். பித்தநீரில் உள்ள அமிலங்களை உருமாற்றுவதும் இக்கிருமிகளே. பித்தநீர் கொழுப்புச் சத்தாகிய கொலஸ்டிராலிலிருந்து உண்டாவதாகையால், இரத்தக் கொழுப்பின் வரவு செலவிலும் அவை கைவைக்கின்றன.

தீனி கிடைக்காவிடில் என்ன ஆகும்? பட்டினி கிடக்கும் மாடு வேலியை மேயும். குடலிலும் அதுவே நடக்கிறது. குடற்சுவரின்மேல் கோழை போன்ற ஒரு படலம் உண்டு. அது ஏரிக்கரை போலக் கிருமிகளை உள்ளே நிறுத்தி இரத்தத்தைக் காக்கிறது. 2016-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் லக்ஸம்பர்க் நாட்டு ஆராய்ச்சியாளரும் கூடிச் செய்த சோதனையில், நாரே இல்லாத தீனி தின்ற சுண்டெலிகளின் குடற்கிருமிகள் அக்கோழைப் படலத்தையே தின்னத் தலைப்பட்டன, படலம் மெலிந்தது, நோய்க்கிருமி புகுவது எளிதாயிற்று. கரை மெலிந்தால் கசிவு ஏற்படும். பெல்ஜியம் நாட்டார் 2007-ல் எலிகளிடத்துக் காட்டியபடி, கிருமிகளின் மேலோட்டிலுள்ள ஒருவகை நச்சுப்பொருள் சிறிது சிறிதாக இரத்தத்திற் கசிந்தால், உடம்பெங்கும் தணியாத ஓர் அழற்சி மூளுகிறது; இன்சுலின் தன் வேலையைச் செய்யமாட்டாமற் போகிறது. இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்து தடிப்பதற்கும் இவ்வழற்சி துணைசெய்கிறது.

எலிகளிடத்துக் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்லலாமா என்று நிதானமுள்ள வாசகர் கேட்பார். கேட்கவேண்டியதே. கிருமியே அறியாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் சாதாரண எலியின் குடற்கிருமிகளைக் கொடுத்தபோது, அவை முன்னிலும் குறைவாகத் தின்றும் இரண்டே வாரத்தில் உடற்கொழுப்பு 60 சதவிகிதம் வரை கூடியதை அமெரிக்காவில் ஜெப்ரி கார்டனும் அவருடைய சகாக்களும் 2004-ல் கண்டார்கள். மனிதரிடத்துச் செய்த சோதனைகளும் இல்லாமலில்லை. 2012-ல் ஆம்ஸ்டர்டாமில், உடல் பருத்து இன்சுலின் வலுவிழந்த ஆடவருக்கு மெலிந்தவருடைய குடற்கிருமிகளைக் குழாய் மூலம் செலுத்தினார்கள்; ஆறு வாரத்தில் இன்சுலினின் வலு கூடிற்று. ஆனால் அந்நகரத்தாரே பிற்பாடு செய்த பெரிய சோதனையில் 18-ஆம் வாரத்துக்குள் அந்நன்மை மறைந்துவிட்டது. நம்மவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். நல்ல விதையைக் கொண்டுவந்து எரு இடாத காட்டில் தெளித்தார்கள், முளைத்தது, நிற்கவில்லை.

எருவை மாற்றிப் பார்த்த சோதனை இன்னும் சுவையானது. 2015-ல் வெளியான அதில், தென்னாப்பிரிக்கக் கிராமவாசிகள் 20 பேரும், அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க வம்சத்தார் 20 பேரும் இரண்டு வாரம் ஆகாரத்தை மாற்றிக்கொண்டார்கள். நார் மிகுந்த கிராமத்து உணவை உண்ட அமெரிக்கருடைய குடலில் பியூட்டிரிக் அமிலம் பெருகி, குடற்சுவரின் அழற்சி தணிந்தது. இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவை உண்ட கிராமவாசிகளுக்கோ நேர்மாறாயிற்று. இரண்டே வாரத்தில்!

இருதயத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. ஆட்டு மாட்டு இறைச்சியிலும், முட்டையின் மஞ்சட்கருவிலும் உள்ள சில பொருள்களைக் குடற்கிருமிகள் ஒரு வாயுவாக மாற்ற, ஈரல் அதை டி.எம்.ஏ.ஓ. என்று சுருக்கமாக வழங்கும் பொருளாக்கி இரத்தத்தில் விடுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லண்டு மருத்துவமனையில் ஸ்டான்லி ஹேசனும் அவருடைய சகாக்களும் 4,007 நோயாளிகளை மூன்றாண்டு கவனித்து, இப்பொருள் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் அபாயம் இரண்டரை மடங்காக இருந்ததென 2013-ல் வெளியிட்டனர். அது நோய்க்குக் காரணமா, அல்லது நோயின் அடையாளமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வாரத்தில் இரண்டொரு முட்டை உண்ணும் கூலியாளை இதைக் காட்டி மிரட்டுவது தகாது. அவனுடைய தட்டில் குறை வேறிடத்தில் இருக்கிறது.

இவ்வாராய்ச்சிகள் யாவும் கடல் கடந்த தேசங்களில் நடந்தவை என்று எவரும் எண்ணவேண்டா. வேலூருக்கு இவ்விஷயத்தில் தனிப் பெருமை உண்டு. மேற்படி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் என்னும் மூவர், மனிதனுடைய சிறுகுடலில் வாழும் சில கிருமிகள் பி-12 என்னும் ஜீவசத்தை உண்டாக்க வல்லவை என்பதை 1980-ல் காட்டினார்கள். 2000-ல் அதே கல்லூரியில் ராமகிருஷ்ணாவும் அவருடைய சகாக்களும் காலராக் கண்ட 48 பேருக்குச் செய்த சிகிச்சை உலகப் பிரசித்தி பெற்றது. வழக்கமான உப்புச் சர்க்கரை நீரோடு, எளிதில் ஜீரணமாகாத ஒருவகைச் சோள மாவைச் சிலருக்குக் கலந்து கொடுத்தார்கள். அம்மாவு பெருங்குடலுக்கு இறங்க, கிருமிகள் அதை முன்சொன்ன அமிலங்களாக்க, அவ்வமிலங்கள் உப்பையும் நீரையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளச் செய்தன. பேதி குறைந்தது, சீக்கிரமும் நின்றது. குடலிலுள்ள மந்தைக்குத் தீனி போட்டு உயிரைக் காத்த வைத்தியம் இது. நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில் நடந்தது.

இனி நம் தானியத்துக்கு வருவோம். ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷணை ஸ்தாபனத்தார் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு. புழுங்கலரிசியில் சற்று அதிகம். சாமையில் அரிசியைப்போல் இருமடங்குக்கு மேல். கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம். தோல் நீக்காத பச்சைப்பயற்றிலும் கொண்டைக்கடலையிலும் 15 கிராமுக்கு மேல். வயது வந்தவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் நார் வேண்டும். வேளைக்கு வேளை சோறே உண்டு, நாளொன்றுக்கு 400 கிராம் அரிசியைச் செலவிடும் ஒருவருக்கு அவ்வரிசியிலிருந்து கிடைப்பது 11 கிராம் மாத்திரமே. தெளிந்த ரசமும் சிறிது கறியும் எஞ்சிய பள்ளத்தை நிரப்பமாட்டா. அதே நிறை கேழ்வரகு உண்ட அவருடைய பாட்டனார்க்குத் தானியத்திலிருந்தே 40 கிராமுக்கு மேல் கிடைத்தது.

இப்பள்ளத்தின் விலை என்ன? உலக சுகாதார ஸ்தாபனத்தின் வேண்டுகோளின்படி நியூஸிலாந்து தேசத்து ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார், நீண்ட காலக் கணக்குகள் 185-ஐயும் சோதனைகள் 58-ஐயும் ஒருங்கு பரிசீலித்து 2019-ல் வெளியிட்டார்கள். நார் மிகுதியாக உண்போரிடத்து இருதய நோயும், பக்கவாதமும், நீரிழிவும், அகால மரணமும் 15 முதல் 30 சதவிகிதம் வரை குறைந்திருந்தன. 21 தேசங்களில் எடுத்து 2020-ல் வெளியான மற்றொரு கணக்கில், நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்போர்க்கு நீரிழிவின் அபாயம் கூடியிருந்தது. அது மிகவும் கூடியிருந்தது நம் தெற்காசியாவிலேதான்.

அரிசியாலை மனிதனுக்குப் பாடம் கற்பிப்பது இது முதல் தடவையன்று. 1890-களில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமற் போனதையும், தவிடு கொடுத்ததும் எழுந்து நின்றதையும் கண்டார். பெரிபெரி நோயின் மர்மம் அவ்வாறு விளங்கிற்று. 1929-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய மக்காரிஸன் துரை, இந்தியாவின் பல பிரதேசத்து ஆகாரங்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துச் சென்னை ராஜதானியின் அரிசி ஆகாரத்தைக் கடைசி வரிசையில் வைத்தார். அப்போது போனது ஜீவசத்து என்றோம், மாத்திரை செய்துகொண்டோம். இப்போது போவது குடற்கிருமிகளின் தீனி. இதற்கு மாத்திரை இல்லை.

இதிலும் கவலைக்கு இடமானது ஒன்றுண்டு. விதைநெல்லின் அருமை அறிந்தவர்களுக்கே அதன் கனம் தெரியும். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட சோதனையில், மனிதனுடைய குடற்கிருமிகளைத் தாங்கிய எலிகளுக்கு நார் குறைந்த தீனியை நான்கு தலைமுறை கொடுத்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை கிருமி இனங்கள் குறைந்துகொண்டே போயின. முதல் தலைமுறையில் நாரைத் திரும்பக் கொடுத்ததும் இழந்தவற்றிற் பல மீண்டன. நான்காம் தலைமுறையில் எவ்வளவு கொடுத்தும் பெரும்பாலானவை மீளவில்லை. வித்து அற்றுப்போயிருந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் ஆஸ்தி இது. நம் வட்டாரத்தில் நெல்லும் ரேஷனும் களியையும் கூழையும் ஓரங்கட்டி இரண்டு தலைமுறைதான் ஆகின்றன. எலியின் கணக்கை மனிதனுக்கு அங்குலம் பிசகாமல் ஏற்ற முடியாதெனினும், மூன்றாம் தலைமுறையின் தட்டில் என்ன வைக்கப்போகிறோம் என்பதைப் பற்றி நாம் அசட்டையாயிருக்கலாகாது.

வித்தழிவுக்கு மற்றொரு வழியும் இருக்கிறது. சளிக்கும் ஜுரத்துக்கும் வைத்தியர் சீட்டில்லாமல் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் நோய்க்கிருமியையும் நற்கிருமியையும் பாராது கொல்லும். கோழித்தீனியிலும் இவற்றைக் கலந்து வந்தனர்; கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுப்பதை இந்திய சர்க்கார் 2019-ல் தடை செய்தது. பண்ணை வைத்திருப்போர் இத்தடையை மனமார அனுசரித்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்ட சிலர் உடனே பட்டணத்துக் கடைக்கு ஆளனுப்பி, நற்கிருமி மாத்திரையும் சிறுதானியப் பிஸ்கோத்தும் வாங்குவர். பிஸ்கோத்தில் சர்க்கரை அதிகம். மாத்திரைக் கிருமிகளோ, தீனியில்லாத குடலில் ஆம்ஸ்டர்டாம் விதையைப்போல் நாலு நாள் தங்கிவிட்டுப் போய்விடும். மோரும், நீராகாரத்தோடு கூடிய பழைய சோறும், புளித்த கூழும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. ஆறிப்போன சோற்றில் எளிதில் ஜீரணமாகாத மாவு சற்று மிகுவதால் பெருங்குடலுக்கும் பங்கு கிடைக்கிறது. பழைய சோறு சர்வரோக நிவாரணி என்று பேசுவோரை நான் ஆதரிக்கவில்லை. சோறு சோறுதான், அளவு மீறினால் பழையதானாலும் சர்க்கரையை ஏற்றும். நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் பெரிய உருண்டையாகக் களி கிண்டி உண்டாலும் அப்படியே. களியோடு கீரையும், தோலுள்ள பயறும், கொள்ளும் சேரவேண்டும். படவேட்டுத் தோட்டங்களில் குலை வெட்டியபின் எருக்குழிக்குப் போகும் வாழைத்தண்டு நல்ல நார்ப் பண்டம். பச்சை வாழைக்காயும் அவ்வாறே.

சாமை விஷயத்தில் ஒரு மோசத்தை எச்சரிக்கவேண்டும். கடைகளில் வெள்ளை வெளேரென்று விற்கும் சாமையரிசி பெரும்பாலும் அரிசியைப்போலவே தீட்டப்பட்டது. உமியை நீக்குவது அவசியம். அதன்கீழுள்ள தவிட்டை நீக்குவது அழகுக்காக. தவிடு போன சாமைக்கும் வெள்ளை அரிசிக்கும் அதிக தாரதம்மியம் இல்லை. பழுப்பு நிறமான சாமையரிசி சீக்கிரம் காறிப்போகும் என்று வியாபாரிகள் சொல்வது உண்மைதான். தவிட்டிலுள்ள எண்ணெய் அதற்குக் காரணம். தானியமாகவே குதிரிலும் கோணியிலும் வைத்திருந்து, மாதத்துக்கு வேண்டியதை மாத்திரம் உமி நீக்கிக்கொண்டால் இத்தொல்லை இல்லை. வீட்டுச் செலவுக்கு நெல் அரைக்கக் கொண்டுபோகும் மிராசுதார்களும், ஆலையில் ஒரு வார்த்தை சொல்லி, தீட்டுவதைக் குறைத்து வாங்கலாம். விற்கும் அரிசி வெளுப்பாக இருக்கவேண்டும் என்பது சந்தையின் கட்டளை. உண்ணும் அரிசிக்கு அக்கட்டளை இல்லையே.

சாமை பயிரிட்டால் கட்டுமா என்ற கேள்வி நியாயமானது. பாசன வசதியுள்ள நன்செய்யை விட்டுச் சாமைக்குப் போகும்படி எவருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். மகசூல் குறைவு, வாங்குவோரும் சிலரே. கேட்பது இவ்வளவே: ஒவ்வொரு குடும்பமும் மானாவாரிக் கொல்லையில் தன் வீட்டுச் செலவுக்கு வேண்டிய அளவு கேழ்வரகோ சாமையோ விதைத்து, ஊடே துவரையும் காராமணியும் போட்டுக்கொள்ளட்டும். மூன்று மாதத்தில் வீட்டுக்கு வரும் பயிர் இது. தண்ணீர் கேளாது, தட்டு மாட்டுக்கு ஆகும். பெண்டிர் உரலில் குத்திக் கை தேய்ந்த காலம் திரும்பி வரவேண்டியதில்லை. உமி நீக்கும் சிறு யந்திரம் ஒன்று ஐந்தாறு கிராமங்களுக்குப் போதும். அதைக் கூட்டுறவுச் சங்கத்தின் பேரிலோ மகளிர் குழுவின் பேரிலோ வைத்து நடத்த முன்வருவது பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு உரிய காரியம்.

கிராம நிர்வாக அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் செய்யக்கூடியது மற்றொன்று. 2023-ல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் நியாய விலைக் கடை மூலம் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் முறை தொடங்கப்பெற்றது. ஜவ்வாது மலையில் விளையும் தானியம் நம் கண்ணெதிரே லாரியேறி வெளியூர் போகிறது. அத்தானியத்தில் ஒரு பகுதியை நம் ஜில்லாவிலேயே கொள்முதல் செய்து, நம் கடைகளிலும் சத்துணவுக் கூடங்களிலும் கொடுக்கவேண்டுமென்று கிராம சபையில் தீர்மானம் செய்தனுப்பினால், அதைத் தள்ளிவிடச் சர்க்காருக்குக் காரணம் இராது. கேட்காத ஊருக்கு எதுவும் வருவதில்லை.

தீனியை மாற்றுகையில் மாட்டுக்குக் காட்டும் நிதானத்தை நமக்கும் காட்டிக்கொள்ளவேண்டும். ஒரே நாளில் சோற்றை விட்டு மூன்று வேளையும் களியும் பயறுமாக உண்டால் வயிறு பொருமும். வாயு உபத்திரவம் தாங்காமல் நாலாம் நாள் பழைய வழிக்கே திரும்ப நேரும். முதல் வாரத்தில் ஒரு வேளை, பிறகு இரண்டு வேளை என்று ஏற்றிக்கொண்டு போவதே முறை. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை உண்பவர்கள் அதை நிறுத்தக்கூடாது. நீரிழிவுக்குப் பெருவாரியாகக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரை குடற்கிருமிகளின் வழியாகவும் ஓரளவு வேலை செய்வதாகத் தெரியவந்திருக்கிறது. ஆகாரத்தை மாற்றும்போது சர்க்கரை இறங்கக்கூடுமாதலால், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர் வைத்தியரிடம் முன்னதாகவே தெரிவித்துவிடுதல் வேண்டும்.

ஆடிப் பட்டத்தில் சாமை விதைக்க எண்ணுவோர், திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நடத்தும் சிறுதானிய மகத்துவ மையத்தில் ஏ.டி.எல். 1 ரக விதையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ போதும். கையால் தெளிப்பதானால் 5 கிலோ வேண்டும்.